நிவாரணப் பட்டியல் எடுக்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் டெல்டாவில் இரண்டு வேலை சேர்ந்தே தொடங்கும். வயலில் தண்ணீர் வடியவைப்பார்கள், தெருவில் பட்டியல் எடுப்பார்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியபோது நோட்டும் பேனாவுமாக அலைந்தவர்கள் செய்த அதே தவறுகளை, இப்போதைய தம்பிகள் கூகுள் ஃபார்மில் வேகமாகச் செய்கிறார்கள். ஓடிபி சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எதற்கெடுத்தாலும் ஆதார் கேட்பது

பத்து கிலோ அரிசிக்கும் ஒரு போர்வைக்கும் ஆதார் எதற்கு? ஒரே வீடு இரண்டு தடவை வாங்கிவிடும் என்ற பயமென்றால், தெருப்பெயரும் குடும்ப அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் போதும். பணம் போடுவதானால் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி. அவ்வளவுதான்.

ஆதார், வங்கி, கைநாட்டு மூன்றும் ஒரே தாளில்

எத்தனை வருஷம் சொன்னாலும் நிற்காத தவறு, எரிச்சல் தீராத தவறு இது. நீளத் தாளில் கட்டம் போட்டு பெயர், ஆதார் எண், வங்கி. கடைசிக் கட்டத்தில் ஊதா மையில் பெருவிரல். பொருள் கொடுத்து முடிந்ததும், நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

ஊருக்குள் வரும் வங்கி முகவரின் சின்ன மிஷினில் பணம் எடுக்க ஏடிஎம் அட்டை, பின், ஓடிபி எதுவும் தேவையில்லை. ஆதார் எண், எந்த வங்கி, விரல் ரேகை. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை. அந்தத் தாளில் இருப்பதும் இதே மூன்றுதான். பத்திரப்பதிவு ஆவணத்தில் இருந்த ரேகையை அச்செடுத்து, போலி ரேகை செய்து பணத்தை உருவிய வழக்குகள் வேறு மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. சாதாரணமாகப் படம் அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், ரேகையும் கொஞ்சம் மங்கும். நம் பையன்களோ "தெளிவா இருக்கட்டும்ணே" என்று டாக்குமெண்டாகவே அனுப்புவார்கள்!

பிறகு அழித்தால் ஆச்சு என்று நினைக்க வேண்டாம். குழுவில் இருநூறு பேர் என்றால், பல பேர் போனில் படம் தானாக இறங்கி கேலரிக்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் போயிருக்கலாம்.

கைநாட்டு வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், டோக்கன் எண் மட்டும் உள்ள தனித் தாளில் வாங்குங்கள். நன்கொடையாளருக்குத் தெருவாரியாக எத்தனை வீடு, எத்தனை மூட்டை என்று எழுதி அனுப்பினால் போதும்.

தாள் ஏற்கெனவே பரவிவிட்டதா? ஆதார் இணையதளத்திலோ ஆதார் செயலியிலோ அவரவர் பயோமெட்ரிக்கைப் பூட்டிக் கொடுங்கள். ஆதாரோடு இணைத்த போன் பக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு உரக்கடை மிஷினும் ரேஷன் கடை மிஷினும் விரலை ஏற்காது, போகுமுன் தற்காலிகமாகத் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பூட்டினால், யூரியாவுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பும் பெரியவர் உங்களைத்தான் ஏசுவார். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன், கையோடு வங்கிக் கிளைக்கு.

எண்ணைக் கறுப்படித்து க்யூஆரை விடுவது

பழைய ஆதார் அட்டைகளின் க்யூஆரில் 12 இலக்கமும் அப்படியே கிடக்கும். சாதாரண ஸ்கேனர் செயலியே படித்துவிடும். லேமினேட் செய்த அந்த அட்டைகள்தான் கிராமத்தில் இன்னும் புழங்குகின்றன. நகல் வேண்டுமென்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அதே இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

எக்செலில் ஆதார் பத்தியை 'ஹைட்' செய்து (மறைத்து) அனுப்புவது

'அன்ஹைட்' என்று ஒன்று இருக்கிறது, தம்பி.

கூகுள் ஃபார்மைத் திறந்துபோடுவது

முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பு ஆனில் இருந்தால், படிவம் நிரப்பிய யாரும் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கலாம். ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும்' என்று வைக்காதீர்கள். ஆதார் இருந்த பத்தியை அழித்துவிட்டு எடிட் உரிமையோடு பகிர்ந்தாலும், பழைய பதிப்பைத் திறந்து பார்த்துவிடலாம். தேவையான பத்திகளை மட்டும் புதுக் கோப்பில் ஒட்டிக் கொடுங்கள்.

வேலை முடிந்தும் வைத்திருப்பது

டிரைவில் அழித்தது குப்பையில் 30 நாள் கிடக்கும். அதையும் காலி செய்யுங்கள். நோட்டைக் கிழித்து எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட்டால், அடுத்த வாரம் டீக்கடையில் வடை சுற்றி உங்கள் கைக்கே வரும்.