இந்த பேப்பர் யாரோடது? பிரிட்டன், அயர்லாந்து பத்திரிகைகளோட ஓனரைக் கண்டுபிடிக்கிறது எப்படி

"மிர்ரர்ல வந்திருக்கு, எக்ஸ்பிரஸ்ல வந்திருக்கு, டெய்லி ஸ்டார்லயும் வந்திருக்கு, அப்ப உண்மையாத்தான் இருக்கும்"னு நானும் ரொம்ப நாள் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். மூணுமே ரீச்சுங்கிற ஒரே கம்பெனியோடதுன்னு தெரிஞ்சப்பதான், மூணு சாட்சின்னு நினைச்சது ஒரே வீட்டு ஆளுங்கன்னு புரிஞ்சுது. அதனால எந்த பேப்பர் யார் கையில இருக்குன்னு நீங்களே பாக்கக் கத்துக்கங்க, ஒரு போனும் அரை மணி நேரமும் போதும்.

முதல் படி: பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க

லண்டன் டைம்ஸுக்கும் டப்ளின்ல வர்ற ஐரிஷ் டைம்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. முன்னது 1981ல மீடியா முதலாளி ரூபர்ட் மர்டாக் வாங்கினது, பின்னது 1974ல இருந்து ஒரு டிரஸ்ட் கையில இருக்கு (கார்க் ஊரோட ஐரிஷ் எக்ஸாமினரும் 2018ல இந்த வீட்டுக்கே வந்துருச்சு). இண்டிபெண்டன்ட் கதை இன்னும் குழப்பம். லண்டன் இண்டிபெண்டன்டும் டப்ளின் ஐரிஷ் இண்டிபெண்டன்டும் ஒரு காலத்துல ஐரிஷ் தொழிலதிபர் டோனி ஓ'ரெய்லியோட கம்பெனியிலதான் இருந்துச்சு, 2010ல லண்டன் பேப்பரை ரஷ்யப் பணக்காரர் அலெக்சாண்டர் லெபெதெவுக்கு வெறும் ஒரு பவுண்டுக்கு வித்துட்டாங்க, 2016ல அச்சுப் பதிப்பே நின்னு இணையத்துல மட்டும்னு ஆயிருச்சு. டப்ளின் பேப்பர் 2019ல பெல்ஜியத்து மீடியாஹுய்ஸ் கம்பெனிகிட்ட போச்சு, கிட்டத்தட்ட பதினாலரை கோடி யூரோவுக்கு. அதனால ஓனர் பத்தி எந்தக் கட்டுரை படிச்சாலும் அது எந்த வருஷம் எழுதினதுன்னு முதல்ல பாருங்க.

ரெண்டாவது: பொடி எழுத்தைத் தேடுங்க

அச்சுப் பேப்பர்னா யார் அச்சடிச்சாங்க, யார் வெளியிட்டாங்கன்னு ஒரு மூலையில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, பெரும்பாலும் கடைசிப் பக்கத்து அடியில. வெப்சைட்னா கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணுங்க. கார்டியன் பக்கத்தோட அடியில "கார்டியன் நியூஸ் அண்ட் மீடியா லிமிடெட்"னு வரும். நமக்கு வேணும்ங்கிறது பத்திரிகை பேரு இல்ல, இந்தக் கம்பெனி பேருதான், அதை எழுத்து மாறாம குறிச்சு வச்சுக்கங்க.

மூணாவது: கம்பெனீஸ் ஹவுஸ்

இதுதான் முக்கியமான இடம், இங்க அவசரப்படாதீங்க. கம்பெனீஸ் ஹவுஸ்ங்கிறது பிரிட்டன் அரசாங்கத்தோட கம்பெனிப் பதிவேடு, லாகின் வேண்டாம், ஃப்ரீயாவே தேடலாம். குறிச்சு வச்ச பேரைப் போட்டா அதே மாதிரி பேர்ல நாலஞ்சு வந்து நிக்கும், முகவரியைப் பாத்து சரியானதைத் தொடுங்க (கார்டியனுக்கு கிங்ஸ் பிளேஸ், 90 யார்க் வே, லண்டன்). உள்ள போனதும் 'பீப்பிள்'ங்கிற டேப். புதுசா பாக்கிறவங்க பெரும்பாலும் இங்கதான் தப்பு பண்றாங்க, முதல்ல தெரியிற டைரக்டர்கள் பட்டியலைப் பாத்துட்டு இவங்கதான் ஓனர்னு நினைச்சுருவாங்க. டைரக்டர் வேற, ஓனர் வேற. அதே டேப்புக்குள்ள கம்பெனிய யார் கட்டுப்படுத்துறாங்கன்னு தனியா ஒரு பகுதி இருக்கு, 25 சதவீதத்துக்கு மேல பங்கோ ஓட்டோ வச்சிருக்கிறவங்க பேரு 2016ல இருந்து அங்க கட்டாயம் இருக்கணும். அங்க இன்னொரு கம்பெனி பேரு வந்தா அதையும் தேடுங்க, அதுக்கு மேல இருக்கிறதையும் தேடுங்க, ஏணி மாதிரி ஏறிக்கிட்டே போங்க. கார்டியன்ல ஏறினா கார்டியன் மீடியா குரூப் வழியா ஸ்காட் டிரஸ்ட்ல போய் நிப்பீங்க, 1936ல ஆரம்பிச்சது, பேப்பரோட சுதந்திரத்தைக் காப்பாத்தணும்னே உண்டாக்கினது.

ரீச் மாதிரி லண்டன் பங்குச் சந்தையில இருக்கிற கம்பெனின்னா இந்த இடத்துல ஆள் பேரு கிடைக்காது, அவங்களோட வருடாந்திர அறிக்கையில பெரிய பங்குதாரர்கள் யாருன்னு பாருங்க.

நாலாவது: கடனையும் பாருங்க

'சார்ஜஸ்'னு ஒரு டேப் இருந்தா விட்டுறாதீங்க, கம்பெனி எதை யார்கிட்ட அடமானம் வச்சிருக்குன்னு அதுலதான் தெரியும். கடன் கொடுத்தவன் கையிலயும் பேப்பர் போகும். டெலிகிராஃபை 2004ல வாங்கின பார்க்லே குடும்பம் கடனைத் திருப்பிக் கட்டலைன்னு 2023ல லாய்ட்ஸ் பேங்க் கட்டுப்பாட்டைத் தன் கையில எடுத்துருச்சு. அப்புறம் அபுதாபி பணம் இருக்கிற ஒரு குழு வாங்க வந்துச்சு, அதுல பெரிய சண்டையாகி, வெளிநாட்டு அரசாங்கம் பிரிட்டிஷ் பத்திரிகைய வச்சிருக்கக் கூடாதுன்னு 2024ல சட்டமே வந்துச்சு.

அஞ்சாவது: அயர்லாந்துன்னா

வட அயர்லாந்து கம்பெனிகளும் கம்பெனீஸ் ஹவுஸ்லதான் இருக்கும், நம்பர் 'என்ஐ'னு ஆரம்பிக்கும். அயர்லாந்து குடியரசுக்கு சிஆர்ஓன்னு (கம்பெனீஸ் ரிஜிஸ்ட்ரேஷன் ஆபீஸ்) தனிப் பதிவேடு, அங்க ஆவணம் எடுக்க சின்னக் கட்டணம் உண்டு. முதல்ல 'மீடியா ஓனர்ஷிப் அயர்லாந்து'னு தேடுங்க, எந்த பேப்பர் யாரோடதுன்னு இலவசமாவே பாக்கலாம். ஐரிஷ்னு பேர்ல இருந்தா ஐரிஷ்காரங்களோடதுன்னு அர்த்தமில்ல: ஐரிஷ் சன் மர்டாக் வீடு, ஐரிஷ் மிர்ரரும் ஐரிஷ் டெய்லி ஸ்டாரும் ரீச், ஐரிஷ் டெய்லி மெயில் லண்டன் டெய்லி மெயிலோட வீடு. பெல்ஃபாஸ்ட் டெலிகிராஃப் ஐரிஷ் இண்டிபெண்டன்ட் கூடவே மீடியாஹுய்ஸ்கிட்ட போயிருச்சு.

பழகிப் பாக்க லண்டன்ல ஸ்டேஷன் வாசல்ல சும்மா கிடைக்கிற மெட்ரோவை எடுங்க, பொடி எழுத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏறுங்க, டெய்லி மெயில் ஓனர் லார்ட் ராதர்மியர் பேருல போய் நின்னா நீங்க சரியா வந்திருக்கீங்க.