டெண்டன் கிழிந்த குதிரையை மீண்டும் தாண்டப் பழக்குவது

முன்னங்காலின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தால், முழங்காலுக்கும், குளம்புக்குச் சற்று மேலேயுள்ள ஃபெட்லாக் மூட்டுக்கும் இடையே முன்னும் பின்னுமாக இரண்டு டெண்டன்கள் (தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள்) கையில் தட்டுப்படும். அவற்றில் தோலை ஒட்டியிருக்கும் வெளி டெண்டன் கிழிந்துபோன குதிரையைப் பற்றியது இந்த வழிகாட்டி. சென்னை, பெங்களூரு, புனே ரைடிங் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் பல, ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள். அவற்றில் சில பழைய டெண்டன் காயத்தோடுதான் வந்து சேர்கின்றன. ஆகவே ஷோ ஜம்பிங் பயிற்சி தருகிறவருக்கு இந்தக் காயத்தை ஆற்றித் திரும்ப வேலைக்குக் கொண்டுவரவும் தெரிந்திருக்க வேண்டும்.

குதிரை கால் ஊன்றும்போது ஃபெட்லாக் மூட்டு தரையை நோக்கித் தாழும். அந்தத் தாழ்வைத் தாங்குவதில் பெரும் பங்கு இந்த டெண்டனுக்கு. முழு வேகப் பாய்ச்சலில் அது தன் நீளத்தில் 12 முதல் 16 விழுக்காடு வரை நீள்கிறது. கிழியும் எல்லை அங்கிருந்து அதிக தூரமில்லை. நீண்டு சுருங்குவதில் உண்டாகும் சூட்டில் அதன் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை காயும். அதனால் கிழிசல் பெரும்பாலும் நடுவில் தொடங்குகிறது. வெளியே தெரிய நாளாகிறது. தாண்டும் குதிரைக்கு ஆபத்து இறங்கும் நொடியில். முதலில் தரை தொடும் முன்னங்கால்தான் அதிக அடி வாங்கும், தடை உயர உயர அந்த அடியும் கூடும்.

கிழிந்த இடத்தில் முதலில் வளர்வது ஒழுங்கில்லாத, வலுவற்ற நார். அது நீளவாக்கில் வரிசைப்பட்டு உறுதியாக 9 முதல் 12 மாதம் ஆகும், சில குதிரைகளுக்கு இன்னும் கூட. வீக்கமோ சில வாரங்களில் வடிந்துவிடும். நொண்டலும் அதோடு போய்விடும். மறுபடி கிழிவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மூன்றாம் மாதத்தில் உரிமையாளர் வந்து பார்த்து, “குதிரை ஜோராக இருக்கிறதே, எப்போது ஏறலாம்?” என்பார். அதற்குப் பதில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இருக்கிறது, குதிரையின் நடையில் இல்லை.

முதல் பத்து நாள்

சந்தேகம் வந்த நொடியில் இறங்கிவிடுங்கள்; லாயம் வரை ஏறிக்கொண்டு போகாதீர்கள். முதல் மூன்று நாள் குளிர்ந்த தண்ணீர், ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. சித்திரை வெயிலில் மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும், அதைப் பாய்ச்சிப் பயனில்லை. உயரமான வாளியில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்து, முழங்காலுக்குக் கீழே வரை அமிழும்படி காலை இறக்க வேண்டும். வலிமருந்தை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்: மருந்தில் வலி மறைந்த குதிரை பாக்ஸுக்குள் (லாயத்தில் அதன் தனி அறைக்குள்) துள்ளிக் குதித்துக் கிழிசலைப் பெரிதாக்கிக்கொள்ளும். எரிச்சல் தரும் களிம்பு தேய்ப்பது, சூடு போடுவது போன்ற பழைய வைத்தியங்கள் வேண்டாம். தோல் புண்ணாகும், டெண்டன் அப்படியேதான் இருக்கும்.

கட்டுப் போடும்போது பஞ்சுப் பட்டை அழுத்தியபின்னும் குறைந்தது 2 செ.மீ. தடிமன் இருக்கட்டும். முன்னே எலும்பின் மேல் தொடங்கி, வெளிப்பக்கமாகப் பின்னுக்குப் போய், உள்பக்கமாக முன்னுக்கு வரவேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடணும். இழுப்பு எலும்பின் மேல்தான், டெண்டன் மேல் இழுத்து இறுக்கினால் கட்டே புதுக் காயம் உண்டாக்கும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துக் கட்டுங்கள். நல்ல காலுக்கும் கட்டு அவசியம், உடம்பின் பாரம் இப்போது அதன் மேல்தான்.

முதல் ஸ்கேனை அன்றே எடுக்க அவசரப்பட வேண்டாம். கிழிசல் முதல் சில நாட்கள் பெருகிக்கொண்டே போகும் என்பதால் 7 முதல் 14 நாளுக்குள் எடுக்கும் படம்தான் உண்மையைச் சொல்லும். இரண்டு கால்களையும் எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் நான்கு விவரம் கேட்டு வாங்குங்கள்: கிழிசல் முழங்காலுக்கு எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது, டெண்டனின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு, அதில் எத்தனை விழுக்காடு கிழிந்திருக்கிறது, நீளவாக்குப் படத்தில் நார்கள் வரிசையாக ஓடுகின்றனவா. இனி வரும் எல்லா முடிவுகளும் இந்த எண்களோடு ஒப்பிட்டுத்தான். அடுத்த எந்த ஸ்கேனிலும் குறுக்குவெட்டுப் பரப்பு முந்தையதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால், கால் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் ஒரு படி பின்னே போக வேண்டும்.

பிளாஸ்மா ஊசி, ஸ்டெம் செல் பற்றி டாக்டர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். சில குதிரைகளில் அவை ஆறும் தரத்தைக் கூட்டலாம். கீழே வரும் மாதக் கணக்கை அவற்றைக் காட்டிக் குறைக்காதீர்கள்.

பாக்ஸில் நிற்கும் காலம்

வேலை நின்ற அன்றே தானியத்தைக் குறைக்க வேண்டும். ஓட்ஸையும் கொள்ளையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் குதிரை கொழுக்கும், கையில் நிற்காது, திரும்ப வேலை தொடங்கும்போது தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு 7.5 முதல் 10 கிலோ உலர்புல், அதையும் நாலைந்து வேளையாகப் பிரித்து. அசையாமல் நிற்கும் குதிரைக்குக் குடல் மந்தமாகும், வயிற்றுவலி வரும். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, எத்தனை தடவை சாணம் போடுகிறது என்பதை சைஸ் (குதிரையைப் பராமரிக்கும் ஆள்) குறித்து வைப்பது நல்லது. சாணம் குறைந்தால் காலை மறந்துவிட்டு முதலில் வயிற்றைக் கவனியுங்கள்.

லாடத்தையும் இந்தக் காலத்திலேயே சரிசெய்யுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வர வேண்டும். குளம்பின் முனை நீண்டு குதி தாழ்ந்திருப்பது ரேஸ் குதிரைகளில் வழக்கமான கோளாறு, அதைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். குதியை ஆப்பு வைத்து உயர்த்தினால் டெண்டனுக்கு ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். அது உள் டெண்டனுக்குத்தான் பொருந்தும். வெளி டெண்டனுக்கு அதனால் சுமை குறையாது, கூடவும் செய்யலாம்.

நடை

டாக்டர் அனுமதித்ததும் கையில் பிடித்து நடத்துவது தொடங்கும். இளம் நார் வரிசைப்படுவதற்கு அளவான இழுவை தேவை, அதனால் முழு ஓய்வும் தவறு. முதல் மாதம் நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் 10 முதல் 15 நிமிடம். இரண்டாம் மாதம் மொத்தம் 40 நிமிடம். மூன்றாம் மாதம் ஒரு மணி நேரம். தரை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். ஆழ மணலில் ஃபெட்லாக் இன்னும் தாழும். பாதை நேராக இருக்கட்டும், திருப்பம் அகலமாக.

இந்தக் கட்டத்தில் குதிரையைக் கெடுப்பது நடை அல்ல, நடையின் நடுவே வரும் ஒரே ஒரு துள்ளல். மூன்று வாரம் அடைபட்ட தரோபிரெட்டை வெறும் தலைக்கயிற்றில் வெளியே கொண்டுவராதீர்கள். வாயில் கடிவாளம், கையில் உறை, தலையில் ஹெல்மெட். மற்ற குதிரைகள் வேலை செய்யாத அமைதியான நேரம் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் லேசான மயக்கமருந்து பற்றி டாக்டரிடம் கேட்கலாம். லஞ்ச் கயிற்றில் (நடுவில் நின்று பிடிக்கும் நீளக் கயிற்றில்) வட்டமாகச் சுற்றவிட்டுத் “தெம்பை இறக்குவது” இந்தக் காயத்தில் கூடவே கூடாது. சிறு வட்டம், கட்டற்ற வேகம், குதிப்பு மூன்றும் அதில் ஒன்றாக வருகின்றன. நீச்சலும் அவசரமில்லை, ஏறி இறங்கும் சரிவில் குதிரை உந்தித் தள்ளும்.

தினமும் காலையில், வேலைக்கு முன், இரண்டு காலையும் பாருங்கள். முதலில் நின்றபடி உள்ளங்கையால் சூடு, பிறகு காலை மடித்துத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே டெண்டனை மேலிருந்து கீழ் வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். மடித்த நிலையில் டெண்டன் தளர்ந்திருப்பதால் நடுவிலுள்ள வலி அப்போதுதான் தெரியும். ஒரே ஆள் தினமும் பார்ப்பது மேல்; இரண்டு கைகள் மாறி மாறிப் பார்த்தால் சிறு மாற்றம் தப்பிவிடும். நோட்டில் தேதி, வேலை நிமிடம், சூடு, வீக்கம், வலி என்று ஒரு வரி போதும்.

ஏறிய பிறகு

மூன்றாம் மாத முடிவில் அடுத்த ஸ்கேன். நன்றாக இருந்தால் நான்காம் மாதம் ஏறி, நடை மட்டும், 20 நிமிடத்தில் தொடங்கி 45 வரை. ஏறும் முன் சேணத்தைப் பாருங்கள்: மூன்று மாதத்தில் முதுகுத் தசை வற்றியிருக்கும், பழைய சேணம் தோளில் இறங்கும்.

ஐந்தாம் மாதம் ட்ராட், அதாவது மெல்லோட்டம். முதல் இரண்டு வாரம் 5 நிமிடம், அதையும் இரண்டாகப் பிரித்து, நேர்கோட்டில். பிறகு இரண்டு வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் கூட்டலாம். வட்டம் வேண்டுமென்றால் 20 மீட்டருக்குக் குறையாமல். ஆறாம் மாத முடிவில் மூன்றாம் ஸ்கேன். அது தேறினால் ஏழாம் மாதம் கேன்டர் (மிதமான பாய்ச்சல்), மறுபடி 5 நிமிடத்தில் தொடக்கம். ஒரே வாரத்தில் நிமிடத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். கால் சூடானால் எதனால் என்றே தெரியாமல் போகும்.

காலுறை பற்றி ஒரு வார்த்தை. டெண்டன் பூட் இடிபடுவதைத் தடுக்கும், ஃபெட்லாக் தாழ்வதைத் தடுக்காது. நம் ஊர் வெயிலில் அது சூட்டையும் பூட்டிவைக்கும். முன்பக்கம் திறந்த, காற்றோட்டமுள்ளதைப் போடுங்கள். வேலை முடிந்த கையோடு கழற்றித் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

தாண்டல்

ஒன்பதாம் மாத ஸ்கேனில் நார்கள் வரிசையாக ஓடி, பரப்பும் நிலையாக இருந்தால் தரைக் கம்பு. ட்ராட்டுக்கு 1.3 மீட்டர் இடைவெளியில் மூன்று கம்பு, கேன்டருக்குச் சுமார் 3 மீட்டர். குதிரையின் நீட்டத்துக்கு ஏற்பச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். கம்பு உருளாதபடி இருபுறமும் முட்டுக் கொடுங்கள். உருளும் கம்பின் மேல் மிதித்தால் ஒன்பது மாத உழைப்பும் போச்சு.

முதல் தடை 40 செ.மீ. குறுக்குக் கம்பு, ட்ராட்டில் வந்து தாண்டணும். தடைக்கு 2.5 மீட்டர் முன்னால் ஒரு தரைக் கம்பு வைத்தால் குதிரை தானாகவே சரியான இடத்தில் எழும், ரைடர் வாயை இழுக்க வேண்டியிராது. வாரத்துக்கு ஒரு நாள், ஆறிலிருந்து எட்டுத் தாண்டல், அவ்வளவுதான். மறுநாள் நடை மட்டும், டெண்டனை இரண்டு வேளை தடவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டெண்டன் தன் குறையை 24 மணி நேரம் கழித்தும் சொல்லும். இரண்டு வாரம் அமைதியாகப் போனால் நடுவே ஒரே ஒரு கேன்டர் எட்டு விழும்படி 5.5 மீட்டர் தள்ளி 60 செ.மீ. நேர்தடை ஒன்றைச் சேர்க்கலாம். கேன்டரில் வரும்போது அதே ஒரு எட்டுக்கு 7.3 மீட்டர் வேண்டும். அகலத் தடையைப் பதினோராம் மாதத்துக்கு ஒதுக்குங்கள், அதிலும் பின்கம்பு முன்கம்பைவிட உயரமாக.

எந்தக் காலில் இறங்குகிறது என்பது இங்கே பெரிய விஷயம். குதிரை இடது லீடில் (கேன்டரில் இடது முன்னங்கால் முன்னே நீளும்படி) இறங்கினால் முதலில் தரை தொடுவது வலது முன்னங்கால். ஆகவே இடது கால் காயமென்றால் தொடக்க வாரங்களில் தடைக்குப் பிறகு இடப்பக்கம் திரும்பும்படி பாதை போடுங்கள், இடது லீடில் இறங்கும் வாய்ப்புக் கூடும். பிறகு இரண்டு பக்கமும் சமமாக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல கால் களைத்து அதுவும் கிழியும். நீங்கள் கேட்காமலே குதிரை எப்போதும் ஒரே லீடில் இறங்குகிறது, அல்லது திடீரெனத் தடைமுன் நிற்கிறது என்றால் அதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிக்காதீர்கள். அன்று தாண்டல் போதும், காலைப் பாருங்கள்.

அரீனா மணல் மேலே 5 முதல் 8 செ.மீ. ஈரமாக, அடியில் கெட்டியாக இருந்தால் நல்லது. காய்ந்த மணல் குளம்பின் கீழ் நழுவும், நனைந்து ஊறிய களம் குளம்பைப் பிடித்துக்கொள்ளும். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் தெளித்துச் சமப்படுத்துங்கள். இறங்கும் இடம் பத்துத் தாண்டலில் குழியாகிவிடும், தடையை ஒரு மீட்டர் நகர்த்துவது இரண்டு நிமிட வேலை.

சூடோ வீக்கமோ தெரிந்தால் கணக்கு எளிது: அன்றே நடைக்குத் திரும்புங்கள், டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள், படம் சுத்தமாக இருந்தால் முந்தைய படியில் இரண்டு வாரம் நின்று மேலே வாருங்கள்.

ஓராண்டு முடிந்து இன்னொரு ஸ்கேனும் தேறினால் போட்டிக்குப் போகலாம். காயத்துக்கு முன் 1.20 மீட்டர் தாண்டிய குதிரையென்றால் 80, 90 செ.மீ. வகுப்பில் தொடங்குங்கள், நாளைக்கு ஒரு சுற்று மட்டும். நேரத்தோடு போட்டியிடும் ஜம்ப்-ஆஃப் முதல் சில போட்டிகளில் வேண்டாம். கிழிப்பது உயரத்தைவிட வேகமும் இறுக்கமான திருப்பமும்தான். வார்ம்-அப்பில் ஐந்தாறு தாண்டல் போதும். ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிமருந்துகள் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரோடு சரிபார்த்த பிறகே பெயரைப் பதியுங்கள். போட்டி முடிந்த இரவு ஐஸ், மறுநாள் காலை கட்டை அவிழ்த்து ஒரு மணி நேரம் கழித்துக் காலைத் தடவிப் பாருங்கள். கட்டின் அழுத்தத்தில் அடங்கியிருந்த வீக்கம் அதற்குள் தலைகாட்டிவிடும்.