கரன்ட் உறைந்து நிற்கும்போது பவர் பட்டனைத் தொடாதீர்கள்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேம்பாட்டுக் கிளையான கரன்டை ஓட்டுபவர்களுக்கு இது என்றாவது ஒரு நாள் நடந்தே தீரும். மவுஸ் அம்பு நகராது, திரையில் கடிகாரம் நின்றிருக்கும், எந்த விசையைத் தட்டினாலும் பதில் இருக்காது. கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகும். மெஷின் திரும்ப வந்துவிடும், ஆனால் ஏன் நின்றது என்பதற்கான தடயம் அத்தோடு போய்விடும். எந்த த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை) எந்த லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட விடும் பூட்டை) பிடித்துக்கொண்டிருக்கிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்ற விவரமெல்லாம் அந்த நேரத்தில் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். பதிவுக் கோப்புகளில் தேடுவதில் பெரும்பாலும் பயன் இல்லை. வட்டில் எழுதும் வேலையே நின்றுபோயிருந்தால் கடைசி வரி எப்படி அங்கே போய்ச் சேரும்?

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, இன்னும் எது உயிரோடு இருக்கிறது என்பதை. இன்னொரு கணினியிலிருந்து பிங் செய்து பாருங்கள். பிங்குக்குப் பதில் சொல்வது இயங்குதளத்தின் மையமான கெர்னலே, அதற்கு எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை. பிங் வருகிறது, தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு திறந்தும் லாகின் வரவில்லை என்றால், இன்டரப்டுகளும் (வன்பொருள் கெர்னலை அழைக்கும் சைகைகள்) நெட்வொர்க்கும் வேலை செய்கின்றன, நிரல்கள்தான் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கின்றன, பல நேரம் வட்டுக்காக. பிங்கும் இல்லை, கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை என்றால் சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரில் ‘ஹேங் ஆகிறது’ என்று சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

டெர்மினல் ஏதாவது திறந்திருந்தால் கன்ட்ரோலோடு டி விசையை அழுத்துங்கள். பிஎஸ்டி குடும்பத்தின் அருமையான வசதி இது. முன்னால் ஓடும் நிரலைப் பற்றிக் கெர்னலே ஒரு வரி அச்சிடும். நிரல் மாட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வரி வரும். அதில் சதுர அடைப்புக்குள் இருக்கும் சிறு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பயோஆர்டி’ என்றால் வட்டிலிருந்து படிக்கக் காத்திருக்கிறது. ‘எஸ்டபிள்யூரீட்’ என்றால் ஸ்வாப்பிலிருந்து (நினைவகம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி). ‘இஸட்ஐஓ’ என்று தொடங்கினால் இஸட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் பக்கம். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். பெயர் மாறாமல் அதுவே வந்துகொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு முனை கிடைத்துவிட்டது.

அடுத்தது, பேனிக்கை, அதாவது மீள முடியாத பிழையால் கெர்னல் தானே நின்றுவிடுவதை, ஹேங் என்று நினைத்துக்கொள்வது. கரன்டின் ஜெனெரிக் என்ற இயல்பான கெர்னலில் டிடிபி என்ற டீபக்கர் உள்ளேயே இருக்கிறது. கெர்னல் பேனிக் ஆனால் மெஷின் தானாக ரீபூட் ஆகாமல் அந்த டீபக்கரில் போய் நின்று உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கும். வரைகலைத் திரை ஓடிக்கொண்டிருந்தால் அந்த ப்ராம்ப்ட் சில நேரம் கண்ணுக்கே தெரியாது; படம் அப்படியே உறைந்து நிற்கும், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அது ஹேங் மாதிரியே இருக்கும். அப்போது திரை தெரியாவிட்டாலும், நினைவகத்தின் நகலை வட்டில் எழுதும் ‘டம்ப்’ என்ற கட்டளையைத் தட்டி என்டர் அழுத்துங்கள். வட்டு விளக்கு அடங்கும் வரை பொறுத்திருந்து, ‘ரீசெட்’ தட்டி என்டர். திரும்பி வந்ததும் வார் கிராஷ் அடைவில் ஒரு டம்ப் உட்கார்ந்திருந்தால், அது பேனிக்தான். மேசைக் கணினியில் ஓட்டுபவர்கள், பேனிக் வந்தால் டீபக்கருக்குப் போக வேண்டாம், டம்ப் எடுத்துவிட்டு ரீபூட் ஆகட்டும் என்று, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

டீபக்கருக்குள் நாமே நுழையவும் முடியும். உரைக் கன்சோலில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். சிரியல் கன்சோல் (கம்பி வழியாக இன்னொரு கணினியில் தெரியும் கன்சோல்) என்றால், அதற்கான சிஸ்கன்ட்ரோலை முன்பே போட்டு வைத்திருந்தால், என்டர், டில்டே, கன்ட்ரோலோடு பி என்று வரிசையாக. எதற்கும் அசையாத சர்வராக இருந்தால், தொலை மேலாண்மை வசதியான ஐபிஎம்ஐ வழியாக, தடுக்க முடியாத இன்டரப்டான என்எம்ஐ அனுப்பிப் பார்க்கலாம். உள்ளே போனவர்கள் செய்யும் தவறு, தற்போதைய த்ரெட்டின் தடத்தை (எந்தெந்தச் செயல்பாடு வழியாக அங்கே வந்தது என்ற பட்டியலை) மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வருவது. அதில் பெரும்பாலும் விசைப்பலகை இன்டரப்ட்தான் இருக்கும், ஏனென்றால் அந்த விசையை அழுத்தியது நீங்கள். தேவைப்படுவது எல்லா த்ரெட்டுகளின் தடமும், எல்லா லாக்குகளின் பட்டியலும். ‘ஆல்ட்ரேஸ்’, ‘ஷோ ஆல்லாக்ஸ்’ இரண்டும் இல்லாமல் வெளியே வராதீர்கள். இவை பக்கம் பக்கமாக ஓடும், போனில் படம் பிடித்துக் கட்டுப்படியாகாது. சிரியல் கன்சோலை முன்பே பொருத்தி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கொஞ்சம் பொறுமையும் வேண்டும். கெர்னலில் டெட்லாக் (த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) கண்டுபிடிக்கும் த்ரெட் ஒன்று ஓடுகிறது. ஒரு த்ரெட் லாக்குக்காகத் தடைபட்டு 900 விநாடி நின்றாலோ, தூக்க வகை லாக்கில் 1800 விநாடி கிடந்தாலோ, அதுவே பேனிக் ஆக்கி டம்ப் எடுக்க வழி செய்யும். ஐந்து நிமிடத்தில் பட்டனை அழுத்துபவர் அது வேலை செய்ய இடமே கொடுப்பதில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டம்ப் என்றதும், தொடக்க அமைப்புக் கோப்பான ஆர்சி கான்ஃபில் டம்ப் சாதனம் ‘ஆட்டோ’ என்று இருக்கிறது, போதும் என்று விட்டுவிடாதீர்கள். அப்போது டம்ப் எழுதப்படுவது ஸ்வாப் பகுதியில்; அந்தப் பகுதியே வைக்காமல் நிறுவியவர்கள் உண்டு, மிகச் சிறியதாக வைத்தவர்களும் உண்டு. நல்ல நாளிலேயே, திறந்த வேலைகளைச் சேமித்துவிட்டு, சிஸ்கன்ட்ரோல் வழியாக ஒரு முறை வேண்டுமென்றே பேனிக் ஆக்கிப் பாருங்கள். டம்ப் வருகிறதா, ரீபூட்டுக்குப் பிறகு அது கோப்பாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் கவலை இல்லை.

இனி, அப்டேட் செய்யும்போது நாமே வரவழைத்துக்கொள்ளும் ஹேங்குகள். ஒரு முறை பத்து நாட்களுக்கு மேல் என் லேப்டாப் தினமும் மாலையில் உறைந்தது. கெர்னலில் நினைவக மேலாண்மை மாறியிருந்ததால் அதைத்தான் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால் கெர்னல் புதியது, வரைகலை மாட்யூல் (கெர்னலோடு சேர்த்து ஏற்றும் துண்டு) மூன்று வாரம் பழையது. கரன்டில் கெர்னலின் உள் அமைப்புகள் எந்த நாளும் மாறலாம். பழைய மாட்யூல் ஏறவே மறுத்தால் அது நம் அதிர்ஷ்டம். ஏறிக்கொண்டு தவறான இடத்தில் எழுதினால்தான் இப்படி நாட்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கெர்னலைக் கட்டும் ஒவ்வொரு முறையும் வெளி மாட்யூல்களையும் அதே மூலத்தோடு கட்டுங்கள். மூல அடைவில் ‘அப்டேட்டிங்’ என்ற கோப்பு இருக்கிறது, தேதி வாரியாக எழுதியிருப்பார்கள், கட்டும் முன் படியுங்கள்.

கெர்னல் கோளாறு செய்ததும் அவசரமாக இன்னொன்றைக் கட்டி நிறுவுவதும் ஆபத்துதான். நிறுவும்போது இப்போதைய கெர்னல் ‘கெர்னல் ஓல்ட்’ என்ற அடைவுக்குப் போகும், அங்கே இருந்தது அழியும். இரண்டு முறை நிறுவினால் நல்ல கெர்னல் போய், உறைகிற கெர்னல்தான் பழையது என்ற பெயரில் நிற்கும். நல்லதை வேறு பெயரில் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். இஸட்எஃப்எஸ் என்றால் அப்டேட்டுக்கு முன் பெக்டில் கருவி கொண்டு ஒரு பூட் சூழலை (திரும்பிப் போய் பூட் செய்யக்கூடிய அமைப்பின் நகலை) உருவாக்குங்கள். அப்படி உருவாக்கியிருக்கும்போது உடனே பூலை (இஸட்எஃப்எஸ் வட்டுத் தொகுப்பை) அப்கிரேட் செய்யாதீர்கள். புதிய அம்சங்கள் இயங்கத் தொடங்கிவிட்டால் பழைய சூழலுக்கு அந்தப் பூலைத் திறக்கத் தெரியாமல் போகலாம்.

வேகத்துக்காக விட்னஸ் (லாக் வரிசையைக் கண்காணிப்பது), இன்வேரியன்ட்ஸ் (கெர்னலின் உள் நிலையைச் சரிபார்ப்பது) இரண்டையும் நீக்கிய கெர்னலைப் பலர் ஓட்டுகிறார்கள். அன்றாட வேலைக்கு அது சரி. ஆனால் ஹேங்கைத் துரத்தும்போது அவை இரண்டும் உள்ள கெர்னலுக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் லாக் பட்டியலே கிடைக்காது. அதே நேரம், விட்னஸ் காட்டும் லாக் வரிசைப் பிறழ்வு எச்சரிக்கை ஒவ்வொன்றும் குற்றவாளி ஆகிவிடாது. வெகுநாளாகத் தெரிந்த, தீங்கில்லாத சிலவும் அதில் வரும்.

வன்பொருளையும் ஒரு இரவு சோதித்துவிடுங்கள், நினைவகச் சோதனை ஓடட்டும். சும்மா கிடக்கும்போது மட்டும் உறைகிறது என்றால் சிபியுவின் தூக்க நிலையை சி1 என்ற மிக லேசான நிலை வரை மட்டும் அனுமதித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

கடைசியாக பைசெக்ட், அதாவது கோளாறைக் கொண்டுவந்த மாற்றத்தைப் பாதி பாதியாகத் தேடுவது. 1000 கமிட்டுகளை (மூலத்தில் பதிவான மாற்றங்களை) அப்படிப் பிரித்தால் ஏறத்தாழ 10 முறை கட்டினால் போதும். நிரல்களை நல்ல பதிப்பிலேயே விட்டுவிட்டு கெர்னலை மட்டும் மாற்றுங்கள். புதிய கெர்னலில் பழைய நிரல்கள் ஓடும், பழைய கெர்னலில் புதிய நிரல்கள் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதில் எல்லோரும் சறுக்கும் இடம், ‘நல்லது’ என்று சீக்கிரம் குறித்துவிடுவது. இரண்டு நாளுக்கு ஒரு முறை வரும் ஹேங்கை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நல்லது என்றால் தேடல் தப்பான பாதிக்குப் போய்விடும், அதன் பிறகு கட்டுவது எல்லாம் வீண். நான் குறைந்தது ஆறு நாள் ஓடாத கெர்னலுக்கு நல்லது என்ற பெயர் கொடுப்பதில்லை. கெட்டது என்று சொல்ல ஒரே ஒரு ஹேங் போதும், அதுவும் முன்னைப் போலவே அதே தடத்தோடு வந்திருந்தால் மட்டும்.