மருந்துப் பெயர் கடைசியில் வரட்டும்

வாட்ஸ்அப்பில் ஓர் இலையின் படம் வரும். கீழே, "சார், இதுக்கு என்னா மருந்து அடிக்கலாம்?" என்று ஒரு வரி. கடலூர் மாவட்டத்தில் பூச்சிமருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கும் வேளாண் பட்டதாரிக்கும் சரி, வயல்வயலாகச் சுற்றும் அலுவலருக்கும் சரி, உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடத்தான் தோன்றும். பரிந்துரையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த அவசரத்தில் பிறப்பவை. என்ன பயிர், எத்தனை நாள் பயிர், கடைசியாக என்ன அடித்தார், எப்போது அறுவடை என்று கேட்காமல் சொல்லும் பெயர் வெறும் ஊகம்தான்.

காட்டுமன்னார்கோயில், குமராட்சிப் பக்கம் சம்பா நெல்லில் அடைமழைக்குப் பின் இலையின் நுனியும் ஓரமும் வைக்கோல் நிறத்தில் காயத் தொடங்கும். பாக்டீரியா இலைக்கருகல். இதற்குப் பூஞ்சாணக்கொல்லி எழுதிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்பென்டசிம் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது, காசுதான் கரையும். சந்தேகம் இருந்தால் நோய் கண்ட இலையை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டிய முனையை அதில் விட்டுப் பாருங்கள். கருகல் நோயாக இருந்தால் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கலங்கல் இறங்கும். அப்போது சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்துங்கள் என்பது. 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. கடையில் விற்க எதுவும் இல்லாத பரிந்துரைதான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

நெல் தூரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானில் தவறு வேறு மாதிரி. இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்ததும் சைபர்மெத்ரின் மாதிரி, பைரித்ராய்டு வகையைச் சேர்ந்த மலிவான பூச்சிக்கொல்லி ஒன்றை அடிக்கச் சொல்கிறோம். புழு குறைகிறது. கூடவே சிலந்தியும், புகையானைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போகின்றன. பிறகு தூரின் அடியில் புகையான் பெருகி, வயலில் வட்டவட்டமாகப் பயிர் புகைந்து கிடக்கும். பூச்சி எண்ணாமல் மருந்து சொல்லக் கூடாது என்பது இதனால்தான். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் என்றால் நடவடிக்கை எடுக்கலாம். குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நெல் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தெளிக்கத்தான் வேண்டும் என்றாலும் தண்ணீரை வடித்துவிட்டு, பயிரின் அடிப்பாகம் நனையும்படி அடிக்கச் சொல்லுங்கள். மேலாக அடித்தால் பூச்சிமேல் படாது.

அளவுக்கு வருவோம். "டேங்குக்கு எத்தனை மூடி?" என்றுதான் கேட்பார்கள். புழுவுக்கு அடிக்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (திரவ மருந்து) நெல்லுக்கு ஏக்கருக்கு 60 மில்லி. 200 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் 10 லிட்டர் டேங்குக்கு 3 மில்லி, 20 டேங்க். நீங்கள் "டேங்குக்கு 3 மில்லி" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறீர்கள். அவரிடம் இருப்பதோ 16 லிட்டர் பேட்டரி டேங்க், எட்டு டேங்கில் ஏக்கரை முடித்துவிடுகிறார். போய்ச் சேர்ந்தது 24 மில்லி. புழு சாகவில்லை, மருந்து போலி என்று முடிவாகிறது, அடுத்த முறை இரண்டு மடங்கு ஊற்றுகிறார். எத்தனை லிட்டர் டேங்க், ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று கேட்டபின் கணக்குப் போட்டுத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூடிக் கணக்கை விட்டு, மில்லி குறித்த அளவுக் குவளையை எடுத்துக் கையில் கொடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது கத்தரி. பாலூர், பண்ருட்டிப் பக்கம் காய்ப்பு தொடங்கிவிட்டால் சில நாளுக்கு ஒரு பறிப்பு. இன்றைக்கு அடித்த தோட்டத்தில் நாளைக் காலையே கூடை நிறைகிறது. மேலே சொன்ன அதே குளோரான்ட்ரனிலிப்ரோலுக்குக் கத்தரியில் தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவே 22 நாள் இடைவெளி வேண்டும் என்று லேபிள் சொல்கிறது. வெண்டைக்கு 5 நாள்தான். வெண்டைக்குச் சொன்னதையே கத்தரிக்கும் சொல்லிவிட்டால், மருந்தோடு காய் கடலூர், புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போகும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்ற இன்னொரு புழு மருந்துக்குக் கத்தரியில் 3 நாள். எனவே அடுத்த பறிப்பு எப்போது என்று கேட்காமல் கத்தரிக்கு மருந்து சொல்வது, என்னைக் கேட்டால், மன்னிக்க முடியாத அலட்சியம். பறிப்பு முடிந்த கையோடு தெளிக்கச் சொல்லுங்கள். குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு, வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் அதற்கு முன்பே சொல்ல வேண்டியவை. மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் நஞ்சான பூச்சிமருந்துக்குக் காய்கறிகளில் 2005 முதலே தடை. 'அவர்தான் கேட்டார்' என்பது பதிலாகாது.

"மாத்தி மாத்திதான் அடிக்கிறேன்" என்பவரிடம் பழைய டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். இமிடாகுளோபிரிட், அடுத்து தயாமெத்தாக்சம், மறுபடி வேறு கம்பெனிப் பெயரில் இமிடாகுளோபிரிட் என்று இருக்கும். எல்லாம் ஒரே நியோனிகோடினாய்டு வகை. அதற்குத் தாக்குப்பிடிக்கும் பூச்சிதான் கடைசியில் தோட்டத்தில் மிஞ்சும். மாற்ற வேண்டியது வகையை.

முந்திரியில் பூ இருக்கும்போது தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், தேனீ அடங்கிய மாலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

மருந்து வாங்க வருபவர் வேறு, டேங்கைத் தூக்குபவர் வேறு. கூலிக்கு அடிப்பவர் உங்கள் முன் நிற்பதே இல்லை, லேபிளில் நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம் சிவப்பா மஞ்சளா என்று அவருக்கு யாரும் சொல்வதும் இல்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தே பலர் இறந்தார்கள். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காற்றுக்கு எதிரே அடிக்காமை, வெயிலுக்கு முன் முடிப்பது, இவற்றையும் அதே சீட்டில் எழுதுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கவே கூடாது. தெளித்தவருக்கு வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல் என்று ஏதாவது வந்தால் போட்டிருக்கும் துணியைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். காலி டப்பாவையும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள். உள்ளே போனது எந்த ரசாயனம் என்று லேபிளைப் பார்த்தால்தான் மருத்துவர் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க முடியும்.