ஸ்லொட்டில் பொருந்தும், ஆனால் ஓடாது: முதல் கேமிங் பிசியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கேமிங் பிசி கட்ட இறங்கும் பொடியள் திருகோணமலையில் ஒவ்வொரு வருசமும் இருக்கிறார்கள். சாமான் பெரும்பாலும் கொழும்பில் இருந்து பார்சலில் வருகிறது. பிழையாக ஒன்றை எடுப்பித்துவிட்டால் அது திரும்ப 250 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பார்சல் காசும் வீண், நாளும் வீண்.

ஏஎம்டியின் ஏஎம்5 மதர்போர்டில் பழைய டிடிஆர்4 வகை ராம் ஏறாது. எல்ஜிஏ1700 சொக்கட்டில் (புரொசெசர் உட்காரும் இடம்) பத்தாம் தலைமுறை இன்டெல் உட்காராது. இந்த வகைப் பிழைகளை இங்கே விட்டுவிடலாம், மாட்டும்போதே கைக்குத் தெரிந்துவிடும். காசைத் தின்பவை ஒழுங்காக மாட்டுப்பட்டுவிட்டுப் பிறகு காலை வாரும் சாமான்கள்தான்.

கேசிங்கோடு வரும் பவர் சப்ளை

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். புரொசெசருக்கும் விஜிஏ கார்ட்டுக்கும் (கிராஃபிக்ஸ் கார்ட்) இலட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, கடைசியில் காசு முடிந்துபோக, ‘கேசிங்கோடு 500 வாட்ஸ் பவர் சப்ளை இலவசம்’ என்பதை எடுப்பது. அந்த 500 என்ற எண்ணை நம்பவே கூடாது.

பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையை வாசியுங்கள். 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் போட்டிருக்கும். புரொசெசரும் விஜிஏயும் இழுப்பது 12 வோல்ட்டில் இருந்து. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட்ஸ். அவை இரண்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். மிச்சம் நீங்கள் அதிகம் பாவிக்காத 3.3, 5 வோல்ட்டுகளில் கூட்டிக் காட்டிய கணக்கு. நல்ல 550 வாட்ஸ் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் அளவில் இருக்கும்.

இப்போது தேவையைப் பாருங்கள். ரைசன் 5 5600 முழு வேலையில் 76 வாட்ஸ் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் 170 வாட்ஸ். போர்ட், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 50 என்று வையுங்கள். 300 வாட்ஸ் வந்துவிட்டது. அதோடு விஜிஏ சில மில்லிசெக்கன்களுக்குத் தன் அளவையும் தாண்டி இழுக்கும். இந்தக் கார்ட்டுக்கு 550 வாட்ஸ் வேண்டும் என்று என்விடியா சொல்வது அதற்கும் இடம் விட்டுத்தான்.

வழக்கமாக நடப்பதைக் கேளுங்கள். விண்டோஸ் ஒழுங்காக ஏறும். யூடியூப் ஓடும். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்து பிசி ரீஸ்டார்ட் ஆகும். பொடியன் டிரைவரை மாற்றுவான், விண்டோஸைத் திரும்பப் போடுவான், கடைசியில் விஜிஏயைப் பெட்டியில் கட்டிக் கொழும்புக்கு அனுப்புவான். கடையில் நல்ல பவர் சப்ளையில் போட்டுப் பார்த்து, குறை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இதற்கே இரண்டு கிழமை போய்விடும். அதற்குள் அந்த பவர் சப்ளை போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போனால் நட்டம் பல மடங்கு.

இதைவிட ஆபத்து, விஜிஏயின் 8 பின் இணைப்பு அதில் இல்லை என்று, ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா பிளக்கில் இருந்து மாற்றும் அடாப்டர் போடுவது. சாட்டா பவர் பிளக் ஒன்று 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்ஸ். 8 பின்னில் கார்ட் 150 வாட்ஸ் வரை இழுக்கலாம். பிளக் உருகும், சில வேளை நெருப்பும் பிடிக்கும். இணைப்பு இல்லையென்றால் அந்த பவர் சப்ளை உங்கள் கார்ட்டுக்கு உரியதே இல்லை.

மலிவானவற்றில் பின்னால் 115/230 என்று சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். நமது கரண்ட் 230. 115இல் கிடந்தபடி பிளக்கைப் போட்டால் அந்த நொடியே வெடிக்கும்.

80 பிளஸ் முத்திரை, கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஓவர்லோட், ஷோர்ட் ஆகும்போது தானாக நிற்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். பட்ஜெட் முட்டினால் விஜிஏயை ஒரு படி இறக்குங்கள்: ஆர்எக்ஸ் 6600 கார்ட் 132 வாட்ஸ்தான், ஏஎம்டி அதற்குக் கேட்பது 450 வாட்ஸ் பவர் சப்ளை.

மொடியூலர் (வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளை எடுத்தால் அதன் பெட்டியில் வந்த வயர்களை மட்டும் போடுங்கள். வேறு மொடலின் வயர் மாட்டுப்படும், ஆனால் பின் ஒழுங்கு வேறு. ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் எரிந்துபோகலாம்.

வீட்டில் இருக்கும் 650 விஏ யுபிஎஸ்

650 விஏ என்பது 390 வாட்ஸுக்குள்தான், மொனிட்டரும் அதில்தான் தொங்கும். அதோடு நல்ல பவர் சப்ளைகளில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை இழுப்பதைச் சீராக்கும் சுற்று), மலிவு யுபிஎஸ் தரும் படிப்படியான அலையோடு சில வேளை ஒத்துப்போகாது. கரண்ட் போகும் கணத்தில் பிசியும் நின்றுவிடும். பியூர் சைன் வேவ் என்று போட்டதை எடுங்கள். முடியாவிட்டால், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ்ஸின் சுவர்ப் பக்க சுவிட்சை நிறுத்திச் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பயோஸ்

பி450 போர்ட் ரைசன் 5 5600ஐ ஏற்கும், ஆனால் பழைய பயோஸோடு (போர்ட்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) இருந்தால் திரையில் ஒன்றும் வராது. எச்610, பி660 போர்ட்களில் 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல்லுக்கும் இதே கதை. புதுப்பிக்கப் பழைய புரொசெசர் வேண்டும், அதை இரவல் தர இங்கே எல்லாரிடமும் இருக்காது. அனுப்ப முதல் பயோஸைப் புதுப்பித்துத் தரும்படி கடையில் கேளுங்கள். அல்லது புரொசெசர் இல்லாமலே பென் டிரைவில் இருந்து ஏற்றும் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்ட்டாக எடுங்கள். ஏற்றும்போது கரண்ட் போகக் கூடாது.

எஃப்

12400எஃப் போன்ற, கடைசியில் எஃப் உள்ள இன்டெல்லில் கிராஃபிக்ஸ் இல்லை. விஜிஏ வரும்வரை படமும் இல்லை.

நான்கு லேன் கார்ட்

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்ட் நான்கு பிசிஐஇ லேன் (போர்ட்டோடு தரவு பரிமாறும் பாதை) மட்டும் பாவிக்கிறது. பி450 போர்ட்டிலோ ரைசன் 5600ஜி புரொசெசரோடோ அது பிசிஐஇ 4.0க்குப் பதில் 3.0 வேகத்தில் ஓடும், வழி பாதியாகும். 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும்.

ராம்

16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. நான்கு ஸ்லொட் உள்ள போர்ட்டில், புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லொட்டில் மாட்டுங்கள். பயோஸில் எக்ஸ்எம்பி (ராமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடுங்கள்.

கேசிங் அளவு

விஜிஏ நீளத்தைக் கேசிங் சொல்லும் உச்ச அளவோடு ஒப்பிடும்போது, முன்னால் வாட்டர் கூலரின் ரேடியேட்டர் வைத்தால் அதன் தடிப்பு 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ. என்று 52 மி.மீ. கழியுங்கள். கூலர் உயரத்தையும் பாருங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக மூடிய கேசிங் வேண்டாம். நமது வைகாசி வெக்கையில் உள்ளே காற்றுப் போக வழி வேண்டும்.

பார்சல் வந்ததும்

இன்டெல், ஏஎம்5 மதர்போர்ட் என்றால் அதன் சொக்கட்டைத் திறந்து, புரொசெசர் வைக்க முதல், பின்களை வெளிச்சத்தில் படம் எடுங்கள். வளைந்த பின்னுக்கு வொரன்டி இல்லை. படம் இருந்தால் வரும்போதே அப்படி இருந்தது என்று காட்டலாம். கழற்றிய பிளாஸ்டிக் மூடியைப் பெட்டிக்குள் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் போர்ட்டைத் திருப்பி எடுக்கப் பல கடைகள் மறுக்கும்.