அமெரிக்க உள்நாட்டுப் போரை நம்ம குமரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

தக்கலை பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களும் வருவார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணங்களையும் விளைவுகளையும் எழுதச் சொன்னால் ஐந்து காரணம், ஐந்து விளைவு என்று மடமடவென்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஐந்தில் அடிமை முறை சுங்கவரிக்கும் கீழே நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கிடக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை. நம்ம ஊரில் வீட்டிலோ வகுப்பிலோ இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்த வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வருடத்தைச் சொல்லாதீர்கள், எண்ணிக்கையைச் சொல்லுங்கள். 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறக்குறைய 3 கோடியே 14 லட்சம் பேர் இருந்தார்கள், அதில் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர் அடிமைகள். 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்ட மக்கள்தொகை சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம். "களியக்காவிளை தொடங்கி ஆரல்வாய்மொழி வரைக்கும் இருக்கிற அத்தனை பேரையும் எண்ணி, அதைப்போல இரண்டு மடங்கு ஆட்களை நினைத்துக்கொள்ளுங்க மக்களே, அவ்வளவு பேரும் விலைக்கு விற்கப்படக்கூடியவர்கள்" என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள்தான்.

அடுத்து பணம். திடகாத்திரமான ஒரு வயல் வேலையாள் 1860 வாக்கில் ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோனார். 1793-இல் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தைச் செய்தார். இயந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள், சொல்லட்டும். பிரிக்கிற வேலை சுலபமானதால் பருத்தி கொள்ளை லாபம் தந்தது, பயிரிட்ட நிலம் பெருகியது, பறிக்க இன்னும் ஆள் வேண்டியிருந்தது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்திதான். இதைப் புரியவைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அப்புறம் கரும்பலகையில் வரைபடம் போட்டு, மேற்கே புதுசாகச் சேர்ந்த நிலத்தைக் காட்டுங்கள். சண்டை மூண்டது அங்கேதான். புது மாநிலங்களில் அடிமை முறை உண்டா, இல்லையா? 1820-இல் மிசூரி சமரசம், 1850-இல் இன்னொரு சமரசம், 1854-இல் கன்சாஸ் நெப்ராஸ்கா சட்டம், 1857-இல் கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது என்று டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம், ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் போட்ட ஒட்டுகள் இவை என்று சொன்னால் போதும். 1860 நவம்பரில் அதிபர் தேர்தலில் லிங்கன் ஜெயித்தார். ஏற்கெனவே இருக்கிற அடிமை முறையில் கைவைக்க மாட்டேன், பரவவிட மாட்டேன் என்பதுதான் அவர் சொன்னது. அதையே அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலங்கள் தாங்கவில்லை, டிசம்பர் 20-இல் தென் கரோலினா நாட்டிலிருந்து பிரிந்துபோனது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "மாநில உரிமைக்காகத்தானே சார் சண்டை?" என்று கேட்பார். கேட்டே தீருவார்கள், கைடுகளில் அப்படித்தான் இருக்கிறது. பிரிந்துபோனவர்கள் எழுதிவைத்ததையே எடுத்துக் காட்டுங்கள். அடிமை முறையோடு தங்கள் நிலை முழுக்கப் பிணைந்தது என்று மிசிசிப்பி தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே சொல்கிறது. தென் கரோலினாவின் குறை இன்னும் வெளிப்படை: தப்பி ஓடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லையாம். அதாவது, வட மாநிலங்கள் சொந்தமாக முடிவெடுத்ததுதான் அவர்களுக்குக் கோபம். இந்த ஒரு விஷயத்துக்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

போரை வேகமாகக் கடந்துவிடலாம். 1861 ஏப்ரல் 12 சம்டர் கோட்டையில் தொடக்கம், 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம், அதே வருடம் ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை, 1865 ஏப்ரல் 9 தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். ஆனால் ராபர்ட் ஸ்மால்ஸ் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளாண்டர் என்ற கப்பலில் வேலை செய்த அடிமை அவர். 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்த நேரம், கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கப்பலைக் கிளப்பினார், வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார், ஒவ்வொரு கோட்டையையும் கடக்கும்போது சரியான சங்கு சமிக்ஞை கொடுத்து வடக்கின் கப்பற்படையிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். கடலோரத்துப் பிள்ளைகள் இதைக் கண் கொட்டாமல் கேட்பார்கள். லிங்கன் வந்து விடுதலை கொடுத்தார் என்று மட்டும் படித்தவர்களுக்கு, சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பினத்தவர் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

விளைவுக்கு வரும்போது நம்ம ஊரைப் பக்கத்தில் வையுங்கள். அப்போது நம்ம பகுதி இருந்த திருவிதாங்கூரில் நிலத்தோடு சேர்த்து மனிதர்களை விற்றார்கள், 1855-இல் அரசு அதை ஒழித்தது. சட்டம் வந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை, இதே மண்ணில் மேலாடை அணிந்து சந்தைக்குப் போன நாடார் பெண்களின் தோள்சீலையைக் கிழித்தார்கள், பள்ளிகளையும் ஜெபக்கூடங்களையும் எரித்தார்கள். 1859-இல்தான் மேலாடை அணிய அரசு ஆணை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு. அமெரிக்காவும் இங்கேயும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே நிறம், இங்கே சாதி. ஆனால் சட்டம் மாறிய பிறகு அதிகாரம் என்ன செய்யும் என்பதைப் பாட்டி வாய்வழி கேட்ட பிள்ளைக்கு அடுத்த பகுதி உடனே புரியும்.

1865-இல் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, 1868-இல் 14-ஆவது குடியுரிமை, 1870-இல் 15-ஆவது நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கத் தடை. சரி, 1877-இல் தெற்கில் கடைசியாக இருந்த மத்திய அரசின் படைகளும் திரும்பப் பெறப்பட்டன. அப்புறம் தென் மாநிலங்கள் வரிசையாகக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தன, 1896-இல் தனித்தனி ரயில் பெட்டிக்கு உச்ச நீதிமன்றமே ஒப்புதல் தந்தது, வாக்குரிமைச் சட்டம் வர 1965 ஆகிவிட்டது. விளைவு என்று கேட்டால் இந்த நூறு வருடத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் பலகையில் இடப்பக்கம் 1865, 1877, 1965 என்றும் வலப்பக்கம் 1855, 1859, 1936 என்றும் எழுதிவிட்டுப் பேசாமல் இருங்கள். 1936 திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசம், அது பிள்ளைகளுக்கே தெரியும். போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விட்டுவிட்டாங்க சரி, நிலம் யாருகிட்ட சார் இருந்துச்சு?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டால் உடனே 1865 ஜனவரிக்குப் போங்கள். தென்கிழக்குக் கடலோரத்தில் விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என்று வடக்கின் தளபதி ஷெர்மன் ஆணையிட்டார், சனங்கள் போய் உழுது விதைத்தும்விட்டார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருடமே பெரும்பாலான நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். பலரும் அந்த முதலாளிகளின் நிலத்திலேயே விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்டு, விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடையில் கடன் எழுதிக்கொண்டு வாழ்ந்தார்கள்.