'ல்' மறைத்த பால்: முதலாண்டு பிரெஞ்சில் நான் திருத்திக்கொண்டது

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பிரெஞ்சு எடுத்தபோது என்னைத் திணறடித்தது பால் வேறுபாடுதான். மேசையும் புத்தகமும் நமக்கு அஃறிணை. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்! ஆண்பால் சொல்லுக்கு முன் வரும் 'லெ', பெண்பால் சொல்லுக்கு முன் வரும் 'லா' இவற்றைச் சேர்த்தே மனப்பாடம் செய்தேன். ஆனால் உயிரொலியில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் தேய்ந்து வெறும் 'ல்' ஆகிவிடும். மரம் 'லார்ப்ர்', பள்ளி 'லெகோல்'. எது ஆண்பால், எது பெண்பால்? தேர்வில் இங்கேதான் மதிப்பெண் போனது.

பிறகு 'ஒரு' என்று பொருள்தரும் 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) சேர்த்துப் படித்தேன். 'அன்னார்ப்ர்', 'யூனெகோல்' என்று வாய்விட்டுச் சொன்னதும் பால் பளிச்சென்று தெரிந்தது. அந்த இணைப்பொலி நம் புணர்ச்சியைப் போலவே இருந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பழைய சொற்பட்டியல் நோட்டை முழுக்கத் திருத்த இரண்டு வாரம் பிடித்தது. அடுத்த தேர்வில் இந்தப் பகுதியில் ஒரு பிழைகூட இல்லை.